என்னிடம் மட்டும் சொல்லாத சாவு

ஈப்போவில் யாராவது உங்களைத் தன் கூட்டாளி என்று அறிமுகப்படுத்தினால் பதற வேண்டாம். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் அந்தச் சொல் செய்தித்தாளில்தான் அதிகம் வரும். திருடன் சிக்கினான், கூட்டாளி தப்பியோட்டம் என்று. இங்கே அதற்கு நண்பர் என்று பொருள். நகரப் பேருந்தின் முதல் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, அடுத்த காலைத் தூக்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற காலையில், லெட்சுமி என் முழங்கையைத் தாங்கியபடி ஓட்டுநரிடம் சொன்னாள்: "எங் கூட்டாளிண்ணே. ஊர்க்காரவங்க. மெதுவாத்தான் ஏறுவாங்க, கொஞ்சம் பொறுங்க லா." ஊர் என்றால் இங்கே இந்தியா. சீனக் கிழவர் ஒருவரும் பள்ளிச் சீருடை அணிந்த மலாய்ப் பெண்களும் என்னையே பார்த்தார்கள். நெஞ்சு படபடவென்று அடித்தது. வியர்வையில் கம்பி வழுக்கியது. எப்படியோ ஏறிவிட்டேன். இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கியும் விட்டேன். படித்த பெண் ஒருத்தி இதையெல்லாம் எழுதுகிறாளே என்று ஊரிலிருந்து படிப்பவர்கள் நினைக்கலாம். அதற்கு முந்தைய ஓராண்டில் நான் எங்கள் வீட்டு இரும்புக் கதவைத் தாண்டியதே ஆஸ்பத்திரிக்குப் போவதற்காகத்தான்.

லெட்சுமியை நான் சந்தித்தது பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தில். மனநோயிலிருந்து மீண்டு வருகிறவர்களுக்காக உள்ளூர்ச் சங்கம் ஒன்று நடத்தும் இடம் அது. எல்லாரும் சென்டர் என்பார்கள். பலகாரம் சுட்டு விற்போம். வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். சந்தைக்குப் போவது, பேருந்து ஏறுவது, கவுண்டரில் நின்று பேசுவது என்று, நோய் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொண்ட சின்னச் சின்ன வேலைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பழகுவோம். அதை நடத்தியவர் தேவி அக்கா. சமூகப்பணி படித்தவர், பிறந்து வளர்ந்தது தைப்பிங். லெட்சுமி என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். பீடோர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டியவர்களின், அதாவது ரப்பர்ப் பால் எடுத்தவர்களின் மகள். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அவள் காதில் குரல்கள் கேட்கத் தொடங்கின. இப்போது மாதா மாதம் ஊசி போட்டுக்கொள்கிறாள். எங்கள் சென்டரின் கறி பஃப் அவள் கைப்பக்குவம்தான்.

நான் இங்கே வந்தது கல்யாணம் ஆகி. என் கணவர் சேகரனின் பாட்டனார் காலத்தில் குடும்பம் ரப்பர் தோட்டத்தில் இருந்தது. சேகரன் ஈப்போவில் ஏர்கான் பழுது பார்க்கிறார். நல்ல மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே போனது. அதற்குப் பிறகு ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் வெண்டைக்காய் எடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு முட்டி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு கடைக்குப் போகவில்லை. பிறகு கோயிலுக்குப் போகவில்லை. பிறகு வாசலுக்கே வரவில்லை. சாப்பாடும் இறங்காமல் போனபோது ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வார்டில் சில வாரங்கள் இருந்தேன். வீட்டுக்கு வந்தபோது என் கைப்பேசியில் புது எண் இருந்தது. வேறு கம்பெனிக்கு மாற்றிவிட்டதாகவும், அதில் இணையம் நன்றாகக் கிடைப்பதாகவும் சேகரன் சொன்னார். சொந்தக்காரர்களின் குழுக்கள் எல்லாம் போய்விட்டன. யாரோடும் பேசத் தெம்பில்லாத காலம் அது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்குப் பேச வேண்டியிருந்தது என் அப்பாவிடம் மட்டும்தான். அம்மா போய்ப் பல வருடம் ஆயிற்று. அப்பா புதுக்கோட்டை பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவரிடமிருந்து அழைப்பு வந்துவிடும். என்ன சமைத்தாய் என்று கேட்பார், மழை பெய்கிறதா என்பார், வைத்துவிடுவார். வார்டிலிருந்து வந்த பிறகு அந்த அழைப்பு வரவில்லை. நான் கூப்பிட்டால் அண்ணன் ரவிதான் எடுத்தார். அப்பாவுக்குக் காது சுத்தமாகக் கேட்கவில்லை, போனில் பேச மாட்டேன் என்கிறார் என்பார். தூங்குகிறார் என்பார். கேமராவில் காட்டு என்றால் கேமரா கெட்டுப்போயிருக்கும். அண்ணன் குரலில் ஏதோ ஒன்று என்னை அறுத்தது. "அப்பாவுக்கு ஏதோ ஆயிருச்சு, எங்கிட்ட மறைக்கிறாங்க" என்று சேகரனிடம் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என்னை கிளினிக்குக்கு அழைத்துப்போனார். அங்கே டாக்டர் மலாய்ப் பெண்மணி. என் ஆங்கிலம் தமிழ் மீடியத்து ஆங்கிலம். மலாய் அப்போது எனக்கு வராது. நான் சொல்வதைச் சேகரன்தான் மொழிபெயர்ப்பார். அவர் ஏதோ நீளமாகப் பேசினார். டாக்டர் இரக்கத்தோடு என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மாத்திரையின் அளவு கூடியது. நாக்கு தடித்தது, கை நடுங்கியது, பகலெல்லாம் தூங்கினேன். அப்பாவைப் பற்றிய பயமும் நோயில் ஒரு பகுதிதான் என்று நானே நம்பத் தொடங்கினேன். என் மனசு சொல்வதை நம்பக் கூடாது என்பதைத்தான் அந்த மாதங்களில் நான் கற்றுக்கொண்டேன்.

சென்டருக்குப் போகத் தொடங்கிய பிறகு மெல்ல மெல்லத் தெளிந்தேன். லெட்சுமியோடு பேருந்து ஏறினேன். பிறகு அவள் நிறுத்தத்தில் நிற்க, நான் மட்டும் ஏறினேன். சமையலறையில் கேட்டுக் கேட்டுக் கொஞ்சம் மலாய் வந்தது. அடுத்தது, தனியாக ஒரு கடைக்குள் போய் உட்கார்ந்து, கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். நான் தேர்ந்தெடுத்தது இரண்டு தெரு தள்ளியிருந்த நாசி கண்டார் கடை, சோறும் குழம்பும் விற்கும் தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. அதன் முதலாளி சாகுல் பாய் அறந்தாங்கிக்காரர். முன்பு சேகரனோடு அங்கே சாப்பிட்டிருக்கிறேன். நான் புதுக்கோட்டை என்று தெரிந்த நாளிலிருந்து என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவருடைய தம்பி அப்பாவின் டெப்போவில் கண்டக்டர். தெரிந்த முகம் இருக்கும் கடையாக இருந்தால் பயம் குறையும் என்று நினைத்தேன்.

தோசையும், நுரை பொங்க ஆற்றித் தரும் தே தாரிக் தேநீரும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. முதல் விள்ளலை வாயில் வைக்கும்போது சாகுல் பாய் கல்லாவிலிருந்து எழுந்து வந்து எதிரே நின்றார்.

"ஒடம்பு தேவலையா தங்கச்சி? ரொம்ப நாளாச்சு பாத்து. அப்பா சமாச்சாரம் கேள்விப்பட்டப்ப மனசுக்கு சங்கடமாப் போச்சு. தம்பி சொன்னான், டெப்போ ஆளுங்க எல்லாரும் வேன் புடிச்சுப் போனாங்களாம். நல்ல சாவு. தூக்கத்துலயே போயிட்டாரு. நீங்க வரலையேன்னு கேட்டதுக்கு, ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னு அண்ணன் சொன்னாராம்."

விள்ளல் வாயிலேயே இருந்தது. அதை மென்று விழுங்கினேன். எப்போது என்று கேட்டேன். போன மழைக்காலம் என்றார். நான் வார்டில் இருந்த காலம். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. மேசையைப் பிடித்துக்கொண்டு, "யா அல்லா, ஒங்களுக்குத் தெரியாதா" என்றார். தெரியும் பாய் என்று பொய் சொன்னேன். அவரைக் காப்பாற்ற வேண்டும்போல் இருந்தது. எனக்குத் தகவல் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததற்கு, சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மனிதர் ஏன் குற்ற உணர்வோடு நிற்க வேண்டும்? சாப்பிட்டதற்குக் கொடுக்கப்போனால் வாங்கவில்லை. வெளியே வந்தேன். வெயில் கொளுத்தியது. எனக்கு மயக்கம் வரவில்லை. மூச்சு முட்டவில்லை. இத்தனை நாள் பயந்த எதுவும் வரவில்லை. நான் சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்ற ஒரே நினைப்பு, கொடூரமான ஒரு நிம்மதியாக, என் கூடவே நடந்து வந்தது.

சென்டரில் தேவி அக்கா அடுப்படியில் இருந்தார். "அக்கா, எங்கப்பா செத்துட்டாரு" என்றேன். அவர் அதிர்ச்சி அடைவார், கட்டிக்கொள்வார் என்று எதிர்பார்த்திருக்கிறேன்போல. அவர் கண்களை மூடித் திறந்தார். யார் சொன்னது என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எல்லாம் தெரிந்தது.

"ஒங்களுக்கும் தெரியுமா?"

"ஒன்னச் சேக்க வந்தப்பவே ஒங்க வீட்டுக்காரர் சொன்னாரு கலா. நேரம் பாத்து நானே சொல்றேன், நீங்க சொல்லிறாதீங்கன்னாரு. நான் ரெண்டு தடவ கேட்டேன், சொல்லிட்டீங்களான்னு."

"அவரத்தான கேட்டீங்க. என்னக் கேக்கலையே."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். தனியாகப் பேருந்து ஏறி வீட்டுக்குப் போனேன். யாரும் நிறுத்தம்வரைகூடத் துணைக்கு வராமல் நான் போன முதல் பேருந்துப் பயணம் அதுதான் என்பது மறுநாள்தான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த சேகரன் காலுறையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது கேட்டேன். அவர் மறுக்கவில்லை. "ஒனக்காகத்தான் கலா. அப்ப நீ இருந்த நெலமையில தாங்கியிருக்க மாட்ட. ஒங்கண்ணன்தான் சொல்லவேணாம்னு சொன்னாரு. அப்புறம் சொல்லலாம் அப்புறம் சொல்லலாம்னு நாள் ஓடிப்போச்சு" என்றார். டாக்டரிடம் என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். கழற்றிய காலுறையைச் சுருட்டிக் காலணிக்குள் திணித்தார். பிறகு, "நீ திரும்பவும் விழுந்துருவியோன்னு பயமா இருந்துச்சு" என்றார். அந்தப் பயம் உண்மை என்று எனக்குத் தெரியும். வார்டில் என் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர்தான். ஆனால் நான் பயந்தபோது எனக்கு மாத்திரை கூடியது. அவர் பயந்தபோதும் எனக்குத்தான் மாத்திரை கூடியது. நம்பிய மனிதர் ஏமாற்றினால் கோபம் வரும் என்பார்கள். எனக்கு முதலில் வந்தது வெட்கம். அப்பா இறந்த பிறகும் அவர் சட்டைக்கு அளவு கேட்டு அண்ணனைத் தொல்லை செய்திருக்கிறேன். அண்ணி அதற்கு அளவும் சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் சென்டருக்குப் போகவில்லை. தேவி அக்கா அழைத்தால் எடுக்கவில்லை. திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்துக்கொண்டேன். பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. இப்படி ஒருநாள் காலையில் இரும்புக் கதவைச் சங்கிலியோடு ஆட்டும் சத்தம் கேட்டது. லெட்சுமி. கையில் கறி பஃப் பொட்டலம்.

"கதவத் தொறங்க லா. அக்கா மேல கோவம்னா சரி. எம்மேல என்னா கோவம்? எனக்குந்தான் தெரியாது." திறந்தேன். உட்காரவில்லை. "பீடோருக்குப் போலாம், சட்ட மாத்துங்க. ஒங்களுக்கு ஒன்னு காட்டணும்" என்றாள்.

நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் பாதையில் கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை மரங்கள், எண்ணெய் எடுக்கும் பனை. ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை. ஒரு மண்மேட்டின் மேல் சின்ன மாரியம்மன் கோயிலும் அதை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டியும் மட்டும் இருந்தன. அதன் பின்னால்தான் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்தனவாம். லெட்சுமி ஒரு மரத்தடியைக் காலால் தட்டிக் காட்டினாள். இதுதான் எங்கள் அடுப்படி என்றாள்.

"நான் ஆஸ்பத்திரில இருந்தப்ப தோட்டத்த வித்துட்டாங்க. அம்மாவ அண்ணன் ரவாங் பக்கம் கூட்டிட்டுப் போயிட்டாரு. எனக்கு யாரும் சொல்லல. சொன்னா சக்கிட், அதான் சீக்கு, அதிகமாயிருமாம். டிஸ்சார்ஜ் ஆயி, கூப்பிட ஆள் வரல, நானா பஸ் ஏறி வந்தேன். வந்து பாத்தா வீடு இல்ல. கன்னு நட்டு வெச்சிருக்காங்க. நான் என்னா செஞ்சேன் தெரியுமா? திரும்ப ஆஸ்பத்திரிக்கே போனேன். டாக்டர்கிட்ட சொன்னேன், இவ்ளோ நாளு காதுல சத்தம்தான் வந்துச்சு, இப்ப கண்ணும் போச்சு, எங்க வீடு எனக்குத் தெரிய மாட்டேங்குதுன்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திவிட்டாள். "ஒங்களுக்குக் கண்ணு போகல. அதச் சொல்லத்தான் கூட்டியாந்தேன்" என்றாள். நான் அந்தத் தொட்டிக் கரையில் உட்கார்ந்து அழுதேன். அப்பாவுக்காக அழுத முதல் அழுகை அது. யாருடைய மண் என்று தெரியாத இடத்தில், யாரோ ஒரு கம்பெனியின் மரங்களுக்கு நடுவில், பதினாறாம் நாள் காரியமெல்லாம் எப்போதோ முடிந்துபோன ஒருவருக்காகச் சத்தம் போட்டு அழுதேன். லெட்சுமி கொசுவை விரட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்ததும் தொட்டியில் முகம் கழுவினேன். அங்கேயே நின்று இருவரும் கறி பஃப் தின்றோம்.

அடுத்த கிளினிக் நாளன்று சேகரனை வர வேண்டாம் என்றேன். தனியாகப் போனேன். வழியெல்லாம் மலாய் வாக்கியத்தை மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். டாக்டர் முன் உட்கார்ந்து, என் அப்பா செத்துவிட்டார், நான் சொன்னது உண்மை என்ற பொருளில், "பப்பா சாயா சூடா மாத்தி. சாயா பெத்துல்" என்றேன். டாக்டர் மெதுவாக, "புக்கான் மாத்தி, புவான்" என்றார். புவான் என்றால் அம்மணி, புக்கான் என்றால் இல்லை. மாத்தி என்றால் சாவு. சாகவில்லை என்கிறார். எனக்குக் கண் இருண்டது. இவரும் அவர்களோடு சேர்ந்துவிட்டாரா? நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டேன். அவர் பதறி என் கையைப் பிடித்து, அந்தச் சொல் மிருகங்களுக்குச் சொல்வது, மனிதருக்கு, அதுவும் தகப்பனாருக்கு, மெனிங்கால் என்று சொல்ல வேண்டும் என்று பாதி ஆங்கிலத்தில் விளக்கினார். பிறகுதான் நான் சொன்னதன் பொருள் அவருக்கு உறைத்தது. எப்போது என்று கேட்டார். சொன்னேன். பழைய பக்கங்களைத் திரையில் புரட்டிப் பார்த்தார். உங்கள் கணவர் எனக்கு இதைச் சொல்லவே இல்லை, இனி மொழிபெயர்ப்புக்கு வீட்டு ஆள் வேண்டாம், நான் ஏற்பாடு செய்கிறேன் என்றார். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கத் தொடங்கினோம்.

சென்டருக்குத் திரும்பிப் போனேன். வேறு எங்கே போவேன்? வட்டத்தில் உட்கார்ந்து, எல்லார் முன்னும், தேவி அக்கா என்னிடம் மறைத்ததைச் சொன்னேன். அவர் சமாதானம் சொல்லவில்லை. "நான் செஞ்சது தப்பு. ஒங்களப் பத்தி ஒங்க வீட்டுல என்னா சொன்னாலும், அது ஒங்களுக்கும் தெரியணும். இனிமே அப்படித்தான்" என்றார். ஒரு சீன இளைஞன் தன்னைப் பற்றி வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று அப்போதே எழுந்து கேட்டான். அன்றைக்குக் கூட்டம் மதியச் சாப்பாட்டையும் தாண்டிப் போனது. தேவி அக்காவை நான் மன்னித்துவிட்டேனா என்று லெட்சுமி கேட்பாள். அவர் தருகிற தேநீரைக் குடிக்கிறேன் என்பேன். சேகரனைப் பற்றி அவள் கேட்பதில்லை. நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், வேறு வேறு அறைகளில். நான் இந்த நாட்டில் இருப்பதற்கான விசாவைப் புதுப்பிக்க அவர் என்னோடு வந்து கையெழுத்திட வேண்டும். அவர் வந்தார். கவுண்டரில் அருகருகே நின்றோம். வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொண்டு வந்திருக்கும் பெண்களுக்கு இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. இப்போது காலை நேரங்களில் மழலையர் நிலையம் ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். போக வர பேருந்துதான்.

விசா வந்ததும் ஊருக்குக் கிளம்பினேன். சேகரன் கூட வருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். தனியாகக் கோலாலம்பூர் போய், தனியாக விமானம் ஏறி, திருச்சியில் இறங்கிப் புதுக்கோட்டைக்கு பஸ் பிடித்தேன். அண்ணன் வாசலிலேயே நின்றிருந்தார். என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளதான் வேணாம்னாரு, கலா. நான் சொல்லிரலாம்னுதான் இருந்தேன்."

"அவர் நீங்க சொன்னதா சொல்றாரு, அண்ணே."

அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அண்ணி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் நன்றாகத் தேறிவிட்டதாக என்னைப் பார்க்காமல் சொன்னாள். கூடத்துச் சுவரில் அப்பா மாலையோடு இருந்தார். அந்தப் படத்தை எனக்குத் தெரியும். அப்பா ஒரே ஒரு முறை ஈப்போவுக்கு வந்தபோது சேகரன் எடுத்தது. சுண்ணாம்புக்கல் மலையின் குகைக் கோயில் முன்னால் அப்பாவும் நானும் நிற்கிறோம். அப்பாவின் கை என் தோள்மேல் இருக்கிறது. சாவு வீட்டில் அவசரத்துக்கு வேறு நல்ல படம் கிடைக்கவில்லையாம். ஸ்டுடியோக்காரர் மலையை அழித்து நீலம் பூசியிருந்தார். என்னையும் அழித்திருந்தார். ஆனால் அப்பாவின் காதோரம் சாம்பல் நிறப் பாறை ஒரு விரல் அகலத்துக்குத் தப்பியிருந்தது, அதில் ஒட்டிக்கொண்டு கொஞ்சம் பச்சை. வலது தோளை ஸ்டுடியோக்காரரால் சரிசெய்ய முடியவில்லை போலிருக்கிறது. யாரையோ அணைத்துக்கொண்டு நிற்பதைப்போல அது ஒரு பக்கமாக உயர்ந்தே இருந்தது.